உதவிக்கு ஆள் கேட்டு எழுதிய தாள்

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இருபது வருஷமாச்சு. ஈரக் கம்பளிக் கையுறை வாசனை வந்தால் இன்னமும் எனக்கு அந்த இரண்டாம் வகுப்புதான் ஞாபகம் வருகிறது. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேலே முப்பது ஜோடி காயும். அந்த நாளுக்கு ஏங்கித்தான் போகிறேன், ஏன் மறைக்கணும்?

எண்பத்தாறில் கனடாவில் எங்கள் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் சட்டம் வந்தது: குறை இருக்கிறதென்று எந்தப் பிள்ளையையும் தனியாக ஒதுக்கக் கூடாது, எல்லாரும் ஒரே வகுப்பு. சட்டம் போட்டவர்களுக்கு என்ன, கையெழுத்தோடு வேலை முடிந்தது. உருளைக்கிழங்கு அறுவடை லீவு முடிந்த மறுநாள், பேச்சு சரியாக வராத ராக்ஸான் என்ற சிறுமியை என்னிடம் விட்டார்கள். ஏற்கெனவே என் தலையில் இருபத்தொன்பது வாலில்லாக் குரங்குகள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பக்கத்து வகுப்பு தெல்மா யோசனை சொன்னாள். "வகுப்புல அவளைப் பார்த்துக்க உதவிக்கு ஆள் வேணும்னா, ஆபீசுக்கு அனுப்புற விண்ணப்பத் தாள்ல அவளோட ரொம்ப மோசமான நாளை எழுதுடி. நல்லது ஒண்ணு எழுதினாலும் ஆள் தரமாட்டாங்க."

எல்லா டீச்சர்களும் அப்படித்தான் எழுதினோம். தானாகச் சாப்பிடமாட்டாள், கோட்டு போடத் தெரியாது, யாரோடும் சேரமாட்டாள் என்று நானும் எழுதித் தள்ளினேன்.

யாருக்கு ஆள் தருவது என்று முடிவு செய்யும் டிசம்பர் கூட்டத்தில் கல்வி அதிகாரி அந்தத் தாளை ராக்ஸானின் அம்மா ஆர்லீன் எதிரிலேயே வாசித்தார். பெற்றவளும் கேட்பாளே என்று எனக்குத் தோன்றவேயில்லை, பாவி.

"கோட்டு அவளே போட்டுக்குவா, சார்," என்றாள் ஆர்லீன், தலை நிமிராமல்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "இவ்வளவு குறை இருந்தா ஆள் போட்டும் பிரயோஜனமில்லம்மா. வீட்லயே வச்சுப் பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு பண்ணிடலாம்."

நான் எழுந்து நின்றேன். "நான் எழுதினது பொய், சார். ஆள் கிடைக்கணும்னு எழுதினேன். அவ தன் கோட்டையும் போட்டுக்கிட்டு, பக்கத்துப் பொண்ணுக்கும் பட்டன் மாட்டி விடுவா."

"அப்ப உங்களுக்கு ஆள் எதுக்கு?" என்று அதிகாரி ஃபைலை மூடினார். வீட்டில் பாடம் என்ற பேச்சும் போச்சு, ஆளும் போச்சு, என் மானமும் போச்சு.

வாசலில் ஆர்லீன் என்னை நிறுத்தினாள். "அவ வேணாம்னுதானே எழுதினீங்க?"

"முதல் வாரம் வேணாம்னுதான் இருந்துச்சு. இப்ப அப்படி இல்லம்மா."

"அப்ப, நாளைக்கு அனுப்பலாமா டீச்சர்?"

அனுப்பலாம் என்று சட்டமே சொல்லி மாசக்கணக்காச்சு. அப்படியும் அவள் என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு நின்றாள்.