வெறும் தூக்கு

மூன்றாவது நாளாகக் கெங்கம்மாள் வீட்டு வேலியில் தூக்கு தொங்கியது. நசீர் மூடியைத் திறந்தார். நேற்று வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே கிடந்து புளித்திருந்தது.

பிள்ளைகள் பிழைக்கப் போய்விட, புதூர்நாட்டு மலைமேல் தனியாகக் கிடக்கும் வயசாளிகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருபவர் நசீர். ஜீப் ஓட்டுபவர் ராஜவேலு. இருவருக்கும் எழுபது நெருங்குகிறது.

"கெழவிக்கு வீம்பு பாய். பசிச்சா தானா துன்னும்," என்றார் ராஜவேலு.

"துன்னாம செத்துப்புட்டா?"

நசீருக்கு இன்னொரு பயமும் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. போன வாரம்வரை ராஜவேலு வீட்டில் சமைத்தார்கள். இந்த வாரம் நசீரின் மனைவி சகிலா சமைக்கிறாள். கெங்கம்மாள் சாப்பாட்டைத் தொடாததும் இந்த வாரம்தான். பாய் வீட்டுச் சோறு என்றா?

கதவைத் தட்டினார். கெங்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கண் உள்ளே போயிருந்தது.

"யம்மா, எங்கூட்டு சோறு வேணாமின்னா சொல்லிடுங்க. வேற ஆளு ஆக்கித் தரட்டும்."

"இன்னா பேசற நீ? சோத்துக்கு ஏது சாதி?"

"அப்புறம் ஏன் துன்னல?"

கிழவி தரையைப் பார்த்தாள். "வெறும் தூக்க எப்படிடா திருப்பிக் குடுக்கறது? தெனம் ஒரு பிடி சாமையோ புளியோ போட்டுத்தான் அனுப்புவேன். பானையில ஒண்ணுமில்ல. வாங்கித் துன்னுட்டு வெறும் ஏனத்த நீட்டினா, நான் இன்னா பிச்சக்காரியா?"

நசீருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். கொல்லையில் முருங்கை தழைத்து நின்றது.

"அதுல ரெண்டு கொத்து ஒடிச்சுப் போடுங்களேன்."

"தழையா? தழையக் குடுத்து அனுப்பினா உம் பொண்டாட்டி காறித் துப்புவா."

"அவ அதுக்குத்தான் சந்தையில அலையறா. கீழ அத காசு குடுத்து வாங்கறோம் யம்மா."

கெங்கம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய் இல்லை என்று பட்டிருக்க வேண்டும். "மெய்யாவா?" என்று கேட்டபடியே கொல்லைக்கு நடந்தாள். கைநிறைய ஒடித்து வந்து, பழைய தூக்கைக் கொட்டிக் கழுவி, அதில் அமுக்கி மூடினாள். பிறகுதான் உட்கார்ந்தாள். இன்றைக்கு வந்த தூக்கைத் திறந்து, தட்டில் போட்டுத் தலைநிமிராமல் சாப்பிட்டாள்.

"உப்பு கம்மி," என்றாள். "இன்னும் இருக்குதா?"

ராஜவேலு ஜீப்பிலிருந்து தங்கள் இருவருக்கென்று வைத்திருந்த டப்பாவை எடுத்துவந்தார்.

"பாய், நம்ம சோறும் போச்சு."

"போவட்டும்ண்ணா," என்ற நசீர், கெங்கம்மாளின் தட்டில் குழம்பை ஊற்றினார்.