பொன்னாங்கரட்டில் இறங்குவதற்கு ஒரு வழி

வெண்ணந்தூருக்குத் தெற்கே, பொன்னாங்கரடு என்கிற பாறைக் குன்றின் அடிவாரத்தில் கிடந்த ஒரு ஜோடிச் செருப்பு வருடத்துக்கு ஒரு நம்பர் வீதம் ஆறு வருடம் வளர்ந்தது. வளர்ச்சி ஜூன் முதல் வாரத்தில், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் நடந்தது. நீல வார், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பட்டாம்பூச்சி. வாரும் அடியும் வளர்ந்தனவே தவிர, பட்டாம்பூச்சி வாங்கியபோது இருந்த அளவிலேயே இருந்தது. அதை விற்ற செருப்புக் கடை சண்முகவேல் முதல் இரண்டு வருடம் நேரில் வந்து அளந்து பார்த்தார். பிள்ளைகள் அளவு பதின்மூன்றோடு முடிந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அந்த ஒழுங்குகூடத் தப்பவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. தறி ஓட்டுகிற ஊர், நூல் விலை ஏறியிருந்தது, பேசுவதற்கு அதுவே போதுமாக இருந்தது.

செருப்பு கோகிலவாணியின் மகள் ஸ்ரீதேவியுடையது. கோகிலவாணி கடைவீதியில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். புருஷன் நந்தகுமார் போர்வெல் ரிக் வண்டியோடு ஒடிசா, சத்தீஸ்கர் என்று வருடத்தில் பத்து மாதம் வெளியில் கிடக்கிறவன். இரண்டாயிரத்துப் பதினாலாம் வருடம் காணும் பொங்கலன்று எட்டு வயது ஸ்ரீதேவி தெருப் பிள்ளைகளோடு கரட்டுக்கு விளக்குப் போடப் போனாள். உச்சியில் கோயில் என்று ஒன்றுமில்லை. நட்டு வைத்த ஒரு வேலும், காற்றுப் படாமல் கட்டிய ஒரு விளக்குமாடமும்தான். இருந்தாலும் சாமி இருக்கிற கரடு, செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் ஏறமாட்டார்கள். ஏழு பிள்ளைகள் ஏறினார்கள், ஆறு பேர் இறங்கி வந்தார்கள். தீயணைப்புக்காரர்களும் தறிக்காரர்களும் பதினோரு நாள் முள்ளுக்குள்ளும் பாறை இடுக்கிலும் தேடினார்கள். ஒரு வளையல் துண்டுகூடக் கிடைக்கவில்லை. வருடம் திரும்பியதும் காரியம் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் நந்தகுமாரிடம் பேசினார்கள், அவனும் தலையாட்டினான். செருப்பு வளர்கிறதே, அப்புறம் எதற்குக் காரியம் என்று கோகிலவாணி கேட்டாள். காரியம் நடக்கவில்லை.

அவளுடைய எண்ணம் சின்னது, நேரானது. பாறையில் ஏறுவது பிள்ளைகளுக்குச் சுலபம், இறங்குவதுதான் வராது. கை வைத்துத் தொற்றி ஏறிவிடும். திரும்பிப் பார்த்தால் பள்ளம், அப்புறம் நகராது. வீட்டில் மொட்டைமாடி ஏணியிலேயே ஸ்ரீதேவி பலமுறை அப்படி நின்று அழுதிருக்கிறாள். கரட்டின் மேலேயும் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறாள், இறங்க வழியில்லை, அவ்வளவுதான் விஷயம். செருப்பை அவள் வீட்டுக்கு எடுத்துப் போகாததற்கும் இதுதான் காரணம். பிள்ளை இறங்கி வந்தால் வெறுங்காலோடு வெயிலில் நிற்குமே. இதை அவள் யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அழுது அழுது கண் வற்றிய பிறகு பழனிக்கு இரண்டு முறை மொட்டை போட்டாள். இடுப்புவரை தொங்கிய முடி அதற்கப்புறம் நரைத்து, தோளோடு நின்றுவிட்டது. முன்பு தையல் மெஷின் ஸ்டூலை நிறைத்து உட்கார்ந்திருந்தவள் எலும்பும் தோலுமானாள். ஆறாவது வருடம், கரட்டுக்கு நடைபாதை போடப் போகிறேன் என்று சொன்னாள்.

ஊர் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டது. இன்னொரு பிள்ளைக்கு இப்படி நேரக்கூடாது என்று செய்கிறாள், நல்ல மனசு என்றார்கள். அவளும் மறுக்கவில்லை. புறம்போக்கு நிலம் என்பதால் பஞ்சாயத்தில் அனுமதி சீக்கிரம் கிடைத்தது. இரண்டாயிரத்து இருபது காணும் பொங்கலுக்கு அடுத்த சனி, ஞாயிறு என்று நாள் குறித்து, வாட்ஸப்பில் ஒரு நோட்டீஸ் விட்டாள். வேலை செய்ய வருகிறவர்கள் குடும்பத்தோடு வரவேண்டும், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது, கைக்குழந்தைக்கு மரத்தடியில் தொட்டில் கட்டித் தரப்படும் என்று அதில் இருந்தது. ராசிபுரத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் இன்ஜினியர் சிவபிரகாஷ் வேலையை மேற்பார்க்க ஒப்புக்கொண்டார். கோழிப்பண்ணைக்காரர்கள் ஆளுக்கு ஒரு முட்டை என்றார்கள். எழுபது எண்பது பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர் வந்தார்கள். தறிக் குடும்பங்கள், லாரிப் பட்டறைக்காரர்கள், சேலத்துக் கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் அடிவாரத்தில் செருப்பையும் ஷூவையும் கழற்றிப் போட, நீல வார்ச் செருப்பு அந்தக் குவியலுக்குள் ஒன்றாகிப் போனது. வேலமரங்களில் சேலைத் தொட்டில் ஒன்பது ஆடின, பக்கத்தில் சோறு போடப் பந்தல் கட்டியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பொடிக்கல் பொறுக்குகிற வேலை, அதற்குப் பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் காவல். துக்கத்தில் தொடங்கிய காரியம் என்று பார்த்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள், அத்தனை கலகலப்பு.

சச்சரவு என்று வந்தது படியின் உயரத்தில்தான். சிவபிரகாஷ் ஆறு இஞ்சுக்குக் கோடு போட்டார். கோகிலவாணி நாலு இஞ்ச் என்றாள். புதிதாகப் பதித்த ஒவ்வொரு கல்லிலும் ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்றை ஏற்றி, கை பிடிக்காமல் இறங்கச் சொல்லிப் பார்த்தாள். பிள்ளை முழங்காலில் கை ஊன்றினால் கல்லைப் பெயர்த்து மறுபடி பதிக்க வைத்தாள். இரண்டாம் நாள் காலையில் சிவபிரகாஷ் பொறுமை இழந்தார்.

"ஏனுங்க, நாலு இஞ்சுல படி வெச்சா பெரியவங்களுக்குக் கால் தடுக்குமுங்க."

"பெரியவங்க எப்படியோ எறங்கிக்குவாங்க. எம்புள்ள எறங்கோணுமுங்க."

அவர் பழைய கோட்டை அழித்தார். நாலு இஞ்சிலேயே நானூற்றுப் பன்னிரண்டு படிகள் ஆயின. ஜூன் பிறந்தால் கடைவீதியில் எத்தனையோ தாய்மார்களிடம், வளர்கிற பிள்ளைக்குப் போன வருட அளவில் தைக்கச் சொல்லாதீர்கள் என்று சண்டை போடுகிறவள் அவள். ஊர்ப் பிள்ளைகளின் தோளும் இடுப்பும் வருடத்துக்கு எவ்வளவு கூடும் என்பது அவள் விரல்நுனியில் இருந்தது. சொந்தப் பிள்ளையின் செருப்பு ஐந்தாம் நம்பருக்கு வந்ததையும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அவள் மனசில் ஸ்ரீதேவிக்கு எட்டு வயதுதான். ஊருக்கு உபதேசம் என்று சிரிக்கத் தோன்றும், ஆனால் எழுதுகிற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் வெள்ளோட்டமாக எல்லோரும் உச்சிவரை போய் விளக்கேற்றிவிட்டு இறங்கினார்கள். கோகிலவாணி ஏறவில்லை. கடைசிப் படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தக்காளிச் சோறும் முட்டையும் கட்டிய பொட்டலம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கி வருகிற ஒவ்வொரு சின்னப் பிள்ளையின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தேடியது மஞ்சள் பாவாடை, முன்பல் இரண்டு இல்லாத வாய். அது வரவில்லை. கூட்டம் அநேகமாக இறங்கி முடிந்தபோது உயரமான பெண் ஒருத்தி, உடம்பெல்லாம் செம்புழுதியோடு, இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டு வந்தாள். மெதுவாக இறங்கச் சொல்லி கோகிலவாணி அதட்டினாள். அந்தப் பெண் நின்று, சுற்றி இருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். யாரைத் தேடுகிறாய் என்று கோகிலவாணி கேட்டாள்.

"எங்கம்மாவப் பாக்கறேனுங்க. நீளச் சடை போட்டிருப்பாங்க. கொஞ்சம் குண்டா இருப்பாங்க."

"பொம்பளைங்க எல்லாம் பந்தல்ல இருக்கறாங்க, அங்க போய்ப் பாரு சாமி."

பெண்ணின் கண் பொட்டலத்தில் நின்றது. ரொம்பப் பசி போலிருந்தது.

"இது எம்புள்ளைக்கு எடுத்து வெச்சது சாமி. உனக்குப் பந்தல்ல குடுப்பாங்க."

"செரிங்க. போயிட்டு வாரேனுங்க."

கோகிலவாணி பார்வையைப் படிக்குத் திருப்பிக்கொண்டாள். விளக்குமாடத்து வெளிச்சம் தெரிகிற அளவுக்கு இருட்டியதும் எல்லோரும் அவரவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். கடைசியில் தரை காலியாக இருந்தது. நீல வார்ச் செருப்பு இல்லை. அது கிடந்த இடத்திலிருந்து ஐந்தாம் நம்பர்த் தடம் பந்தலுக்குப் போய், பந்தலை மூன்று சுற்று சுற்றி, ராசிபுரம் போகும் தார்ச்சாலை வரைக்கும் போயிருந்தது. சோறு போட்ட மயிலம்மாள், ஆமாம், உயரமாக ஒரு புள்ளை ஒவ்வொரு பொம்பளையாகக் கிட்டப் போய் முகத்தைப் பார்த்தது, இலை போட்டும் உட்காரவில்லை என்றாள். பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு வருடமாக இடுப்பு உயரத்திலேயே தேடிப் பழகிய கண் அது. பிள்ளையும் பிள்ளையின் பங்குக்குக் கறுத்த சடையைத்தான் தேடியது. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. கோகிலவாணி அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்து அழுத அழுகை தொட்டில் அவிழ்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

நந்தகுமார் ஒடிசாவிலிருந்து வண்டியை விட்டுவிட்டு வந்தான். சேலம், நாமக்கல், ஆத்தூர் பஸ் நிலையங்களில் இரண்டு பேரும் நோட்டீஸ் ஒட்டினார்கள். கையில் இருந்த படம் எட்டு வயதுப் படம், அதைப் பார்த்து யார் சொல்ல முடியும். பிறகு ஊரடங்கு வந்தது. ஜூன் மாதம் சண்முகவேல் பாதி ஷட்டரைத் தூக்கி ஆறாம் நம்பரில் ஒரு ஜோடி கொடுத்தார், கோகிலவாணி அதைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் புதுச் செருப்பு இல்லை, பட்டாம்பூச்சி வைத்த பழைய ஜோடி அங்கே கிடந்தது. ஊரடங்கு என்பதால் அதிகம் தேயவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் இது நடக்கிறது. காத்திருந்து பிடித்துவிடலாம் என்று அவள் மூன்று நாள் இரவும் பகலும் உட்கார்ந்து பார்த்தாள். அவள் உட்கார்ந்திருக்கும்வரை செருப்பு அப்படியே இருந்தது. அதனால் வைத்துவிட்டு வந்துவிடுகிறாள். அடுத்த வருடம் ஏழாம் நம்பர் வைத்தாள், பத்து நாளாகியும் யாரும் எடுக்கவில்லை. அந்தப் பத்து நாளும் அவள் சோறு தின்னவில்லை. பதினோராம் நாள் சண்முகவேல்தான், பெண்பிள்ளைகளுக்கு அந்த வயதோடு பாதம் நின்றுவிடும் என்று ஆறாம் நம்பருக்கு மாற்றிக் கொடுத்தார். அது விடிந்ததும் போய்விட்டது.

கழற்றிப் போட்டிருக்கும் ஜோடியை வீட்டுக்கு எடுத்து வந்து அடியைச் சுரண்டிப் பார்ப்பாள். ஒரு வருடம் வெள்ளையாக மரவள்ளி மாவு ஒட்டியிருந்தது. ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகள் ஒன்று விடாமல் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இன்னொரு வருடம் காவிரி வண்டலும் காய்ந்த கரும்புச் சோகையும். மோகனூரில் நாலு நாள் கரும்புக் காடு காடாக, வரப்பில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கரும்பு வெட்டுகிறவர்கள் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். அதோடு தேடுவதை நிறுத்திக்கொண்டாள். எங்கேயோ நடக்கிறாள், கால் நன்றாக இருக்கிறது, அது போதும் என்று நந்தகுமாரிடம் சொன்னாளாம். போதும் என்று சொன்னவள் குரலைக் கேட்டுவிட்டு அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

போன ஜூனில் கிடந்த ஜோடியில் இரண்டாம் விரல் படுகிற இடத்தில், இரண்டு செருப்பிலும், வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கோகிலவாணி அதைத் தன் காலில் போட்டுப் பார்த்தாள். மெட்டி அழுத்துகிற இடம். வெகுநேரம் அதைக் காலிலேயே வைத்துக்கொண்டு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு நந்தகுமாருக்குப் போன் போட்டாள்.

"நம்ம புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க."

அவன் வந்து சேர மூன்று நாள் ஆனது. சீர்த் தட்டு வைத்தார்கள். பட்டுச் சேலை, மஞ்சள், வெற்றிலை பாக்கு, மாப்பிள்ளைக்கு வேட்டி. எந்த ஊர் மாப்பிள்ளை, என்ன தொழில் என்று தெரியாததால் வேட்டியை எட்டு முழமாக வாங்கினார்கள், யாருக்கும் பொருந்தும். தட்டுகளைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு வந்தார்கள், விடிவதற்குள் அவை காலியாகியிருந்தன. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கரட்டடியில் பந்தல் போட்டு ஊருக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டார்கள். சிவபிரகாஷ் வந்தார், சண்முகவேல் வந்தார், பாதை போட வந்த குடும்பங்கள் அநேகமாக எல்லாம் வந்தன. நந்தகுமார் பந்தியில் ஒவ்வொரு இலையாகப் போய் விசாரித்தான். கோகிலவாணி பட்டுச் சேலை கட்டி, வாசலில் நின்று சந்தனம் கொடுத்தாள். வந்தவர்கள் எடுத்துக்கொண்டு, சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.