புழு போன வழி

நூலகத்தில் பழைய சுவடிகளைப் படம் பிடிப்பது என் வேலை. தோலில் எழுதிய எழுநூறு வருடத்துப் புத்தகம் ஒன்றைப் படம் பிடித்து முடித்தபோது மேலதிகாரி வந்து நின்றார்.

"இந்த ஓட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல அடைச்சிடுங்களேன். பார்க்க லட்சணமா இருக்கும்."

"முடியாது சார். புழு கடிச்சது கடிச்ச மாதிரியே இருக்கட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவருக்குத் தெரியும். முனகிக்கொண்டே போய்விட்டார். அந்தப் புத்தகத்தை ஓர் ஏடு விடாமல் கடந்தவர்கள் இரண்டே பேர்: ஒன்று அந்தப் புழு, இன்னொன்று என் அத்தை.

வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுதிய நட்சத்திரக் குறிப்புகள் அவை. முடிவு இல்லை. எழுதியவர் பாதியில் செத்துப்போனார் என்பது மற்ற அறிஞர்களின் கட்சி. முடித்துவிட்டார், கடைசி ஏடுதான் தொலைந்தது என்பது அத்தையின் கட்சி. அதற்காக அவள் வாங்காத பேச்சில்லை. இப்போது அவளுடைய பதிப்பு அச்சுக்குப் போகவேண்டும். முன்னுரையில் அதையே அடித்துச் சொல்லியிருந்தாள்.

படங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கும்படி இணையத்தில் போட்டோம். கொஞ்ச நாளில், கடல் தாண்டிய ஒரு நூலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. தங்களிடம் எந்தப் புத்தகத்தினுடையது என்றே தெரியாத தனி ஏடு ஒன்று இருப்பதாகவும், அதன் ஓட்டைகளைப் பார்க்கும்படியும் எழுதி, படத்தையும் அனுப்பியிருந்தார்கள்.

அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் படத்தை எங்கள் கடைசி ஏட்டின் மேல் நகர்த்தினேன். பெரிய ஓட்டை பெரிய ஓட்டையின் மேல் போய் உட்கார்ந்தது. ஓரத்துப் பொடி ஓட்டைகள்கூட ஒன்று பிசகவில்லை. என்றோ ஒரு புழு பசிக்குத் துளைத்துப் போன வழி, இரண்டு நாடுகளில் கிடந்த ஏடுகளுக்குள் இன்னும் நேராக இருந்தது.

"படிங்க அத்தை."

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள். "'கிழக்கே அந்த நட்சத்திரம் இன்று...' இதோட நிக்குதுடா."

"அப்ப மத்தவங்க சொன்னதுதான் சரியா? பாதியிலேயே செத்துட்டாரா?"

"இரு. கீழ வேற கையெழுத்து."

அத்தை திரையை ஒட்டிக் குனிந்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள்: "'...எழுந்தது. அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.'"

"யாரு எழுதினது?"

"பேரு போடலடா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து தன் பதிப்பின் அச்சுத் தாள்களை எடுத்தாள். முன்னுரையை முழுக்கக் கோடு போட்டு அடித்தாள். முதல் பக்கத்தில், நூலாசிரியரின் பெயருக்குக் கீழே, "இன்னொருவரும்" என்று எழுதினாள்.