கூட்டினால் இருபது

அண்ணன் வீட்டுக் கூடத்தில் செல்லப்பன் காலிக் கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அறுப்பு வரைக்கும் சாப்பாட்டுக்கு நெல் கேட்டு வந்திருக்கிறான். வருஷா வருஷம் இதே கதைதான். அண்ணன் வைத்திலிங்கமும் முகம் சுளிக்காமல் அளந்து போடுவான். இந்தக் காலத்தில் எந்த அண்ணன் இப்படிக் கொடுப்பான் என்று பாகூர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் செல்லப்பன்.

அப்பா இருந்தவரை நிலம் இரண்டும் குத்தகையில் கிடந்தன. அவர் போனதும் பங்கு பிரித்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த வைத்திலிங்கம், "வரப்ப சுத்திக் கயிறு போட்டுப் பாத்துடலாம்டா, வம்பே வாணாம்" என்றான். ஏரிப் பக்கத்து நிலம் சதுரம். வாய்க்கால் ஓரத்து நிலம் ஒல்லியாக, நீளமாகக் கிடந்தது. இரண்டையும் ஒரே கயிறு இம்மி பிசகாமல் சுற்றி வந்தது. நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தவனே செல்லப்பன்தான், அப்புறமென்ன சந்தேகம்? "வாய்க்கா தண்ணி உனக்கே இருக்கட்டும்" என்று அண்ணன் சொன்னபோது இவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஆனால் ஒவ்வொரு நடவிலும் நாற்று மிஞ்சியது. அண்ணன் நிலத்துக்குச் சரியாகப் போன அதே அளவு நாற்று! அகல அகல நட்டுத் தொலைத்தாள் என்று பெண்டாட்டி கஸ்தூரியை நடவாட்கள் எதிரிலேயே வாய்க்கு வந்தபடி ஏசினான். அவள் மிஞ்சிய கட்டுகளை மாட்டுக்குப் போட்டாள்.

கூடத்தின் நடுவே அண்ணன் மகள் வனஜா பலகையும் பலப்பமுமாக உட்கார்ந்திருந்தாள். பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மூன்று உறுப்புக் கணக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டுமாம். அதற்கு முதலில் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். வைத்திலிங்கம் உள்ளறையில் நெல் அளந்துகொண்டே கேட்டான்.

"கூட்டினா இருபது, பெருக்கினா நூறு. இன்னா நம்பரு?"

"பத்தும் பத்தும்."

"கூட்டினா அதே இருபது. பெருக்கினா அறுபத்து நாலு?"

"பதினாறும் நாலும்!" வனஜா சித்தப்பனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். "இது எனக்குத் தண்ணி பட்ட பாடு சித்தப்பா. பத்துக்குப் பத்து கோலு எங்க நெலம். பதினாறுக்கு நாலு உங்க நெலம். சுத்திக் கயிறு போட்டா ரெண்டும் ஒண்ணுதான். உள்ளார எங்களுக்கு நூறு குழி, உங்களுக்கு அறுபத்து நாலு. அப்பா இத வச்சுத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு."

உள்ளே நெல் விழும் சத்தம் நின்றது.

செல்லப்பன் கோணிப்பையை மடியிலிருந்து தள்ளினான். தெரியாமல் செய்திருந்தால்கூடப் போய்த் தொலைகிறது என்று விட்டுவிடலாம். தெரிந்தே செய்து, அதைப் பிள்ளைக்குப் பாடமாகவும் நடத்தியிருக்கிறானே, பாவி!

"இன்னாண்ணா இது?"

வைத்திலிங்கம் மரக்காலோடு அறை வாசலுக்கு வந்தான். இவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீதானேடா கயிறு புடிச்ச?"

வனஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விளையாட்டு ஏன் நின்றுபோனதென்று அவளுக்கு விளங்கவில்லை. "சித்தப்பா, இப்ப நீங்க சொல்லுங்க. கூட்டினா இருபது, பெருக்கினா பத்தொம்பது?"

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத செல்லப்பனுக்கு அது உடனே தெரிந்தது. பத்தொன்பது கோல் நீளம், ஒரே கோல் அகலம். அதையும் அதே கயிறு சுற்றி வரும். அதைக் கொடுத்திருந்தாலும் அண்ணனைக் கும்பிட்டுத்தான் வாங்கியிருப்பான்.

"தெரியலியா?" வனஜா எச்சில் தொட்டுப் பலகையைத் துடைத்து, பலப்பத்தை அவன் கைக்கு எட்டும்படி நீட்டினாள்.