ஸ்டிக்கரில் இருந்த முகம்

மின்சாரம் போனதும் அப்பா வருவார்.

கடைக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் அறையில் ஒரு சாமி அலமாரி உண்டு. அதில் அப்பாவின் படத்துக்கும் ஆரஞ்சுப் பழத் தட்டுக்கும் நடுவில் அவருடைய போனை அம்மா சார்ஜில் போட்டு வைத்திருந்தாள். திரை அணையாதபடி, ஊர் மின்வெட்டுக் குழுவை அதில் திறந்தே வைத்திருப்பாள். ஊர் இருண்டவுடன் குழு விழித்துக்கொள்ளும். எந்தத் தெருவில் விளக்கு இல்லை, எப்போது வரும், யார் வீட்டு இன்வெர்ட்டர் கத்துகிறது என்று செய்திகள் வரிசையாக வரும். யாராவது ஒருவர் தன் பேட்டரி படுத்துவிட்டது என்று புலம்புவார். உடனே இன்னொருவர் அந்த ஸ்டிக்கரை அனுப்புவார். இருட்டில், ஊதுபத்திப் புகைக்கு நடுவில், அப்பாவின் முகம் வெளிச்சமாக எழும்.

"வந்துட்டீங்களா?" என்பாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே. "சாப்பிட்டீங்களா?"

அந்தப் படத்தை எடுத்தவர் ஊம் ஃபானி. வெள்ளைக்காரர், செர்ரித் தோட்டக்காரர்; ஊம் என்றால் அவர்கள் பேச்சில் மாமா. எங்களிடம் வாங்கிய பேட்டரி ரொட்டி மாதிரி உப்பிப்போயிற்று என்று திருப்பிக் கொண்டுவந்தார். அப்பா அதைக் காதருகே வைத்து, ஒரு கண்ணை மூடி, உதட்டைக் கோணினார், வயிற்றில் குழந்தை இருக்கிறதா என்று கேட்பவர் மாதிரி. ஊம் ஃபானி சிரித்துக்கொண்டே போனில் எடுத்துக் குழுவில் போட்டார். யாரோ அந்தப் படத்தை வெட்டி, கீழே சிவப்பு எழுத்தில் 'ஃபோங் கோங்' என்று எழுதி ஸ்டிக்கராக்கிவிட்டார்கள்.

ஒரே வாரத்தில் வாய் பிளக்கும் செருப்பு ஃபோங் கோங். முதல் மழையில் மடங்கும் குடை ஃபோங் கோங். சீனாவிலிருந்து வரும் மட்டமான எதற்கும் எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பள்ளியில் எனக்கும் அதுதான் பெயர். ஜெர்மன்காரர் செய்த பொருள் கெட்டுப்போனால் பழுது என்பார்கள். அதற்குத் தனிப் பெயர் கிடையாது.

அப்பா அந்த ஸ்டிக்கரை முதன்முதலில் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு அதைத் தன் போனில் சேமித்துக்கொண்டார். ஜோஹானஸ்பர்க் மொத்தக் கடையிலிருந்து மட்டமான சரக்கு வந்துவிட்டால், 'இந்த விளக்கை வாங்காதீங்க, என் கடையிலயே இருந்தாலும்' என்று எழுதி, அவரே தன் முகத்தைக் கூடவே அனுப்புவார். குழுவே சிரிக்கும். அவர் சிரித்தாரா என்பது எனக்குத் தெரியாது. அப்படி அனுப்பும்போதெல்லாம் அவர் எனக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

குளிர்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கேலடன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லெசோத்தோ மலைகளில் பனி கிடந்தது. அடக்கத்துக்கு ஊரில் பாதிப் பேர் வந்தார்கள்.

அடக்கம் முடிந்து நான் குழுவில் எழுதினேன்: 'கடை திங்கட்கிழமை திறக்கும். வந்திருந்த எல்லாருக்கும் நன்றி. வெங் குடும்பம்.' கீழே முதலில் வந்த பதில் அந்த ஸ்டிக்கர். அனுப்பியவர் ஊருக்குப் புதிது. சீனாக்காரன் கடை என்றதும் கைக்குக் கிடைத்ததை அனுப்பியிருக்கிறார். அது யாருடைய முகம் என்பதே அவருக்குத் தெரியாது. அப்படி ஒருவர் இருந்தார் என்பதும் தெரியாது.

அன்றிலிருந்து அந்த முகம் வரும்போதெல்லாம் நான் என் போனைக் கவிழ்த்து வைத்தேன். இவர்கள் அவரைக் கூப்பிடவில்லை. ஆனாலும் அவர் வந்துகொண்டே இருக்கிறார். அனுப்பும் யாருக்கும் அவர் யாருமில்லை. சிவப்பு எழுத்துகளை அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரிவதற்குள் இது நிற்க வேண்டும்.

குழுவை நடத்துபவர் மின் பணியாளர் மொகேட்டே. நாங்கள் ந்தாதே மொகேட்டே என்போம், ஊரில் பெரியவர்களை அழைப்பது போல. கடைக்கு வந்தவரிடம் சொன்னேன்.

"அந்தப் படம் வரக்கூடாது, ந்தாதே. அந்தச் சொல்லும்."

அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த சோதனைப் பலகையில் ஒரு பல்பைச் சொருகினார். அப்பா எரிய வைத்துக் காட்டாமல் எதையும் விற்றதில்லை. பல்பு எரிந்தது.

"லினேயோ, நான் தனியா முடிவெடுத்தா திட்டுவாங்க. எல்லாரையும் கேக்கறேன்," என்றார். லினேயோ என்பது ஊர் எனக்கு வைத்த பெயர்.

கேட்டார். இரண்டு மாலைகள் குழுவில் அதுதான் பேச்சு.

"நாங்க சாமானைத்தானே சொல்றோம், ஆளையா சொல்றோம்?" என்று ஊம் ஃபானியின் குரல் பதிவு வந்தது. "என் பம்பு அங்கேருந்து வந்தது, தார்ப்பாய் அங்கேருந்து வந்தது, புது இடுப்பு மூட்டும் அங்கேருந்துதான் வந்திருக்கும். நானே பாதி ஃபோங் கோங் ஆயிட்டேன்."

"சாமானுக்கு மூஞ்சி இருக்கா, ஊம்?" என்று டிக்கெலேடி கேட்டாள். டாக்சி நிறுத்தத்தில் வறுத்த சோளம் விற்பவள். "மூஞ்சியை ஒட்டினப்புறம் அது எப்படி சாமான்?"

"அந்த மனுஷனே அதை அனுப்பினாரே?" என்றார் ஊம் ஃபானி.

"எங்க அப்பாவும்தான் உங்க தோட்டத்துல கூலி வேலை பார்த்தப்ப உங்க அப்பா வச்ச பேருக்குச் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பார்த்தார். வேற என்ன பண்ணியிருப்பார்?"

ஊம் ஃபானி என்னவோ எழுதத் தொடங்கினார். அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரை காட்டியது. பிறகு அதுவும் நின்றது.

மறுநாள் ந்தாதே மொகேட்டே அறிவித்தார். அந்தச் சொல் கூடாது. அந்தப் படம் கூடாது. மீறி அனுப்பினால் அழிப்பேன். அவரவர் போனில் இருப்பதை அவரவரே அழித்துவிடுங்கள், என்னால் அது முடியாது.

நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த சில நாட்களிலும் மின்வெட்டு வந்தது. அலமாரியில் போன் ஒளிர்ந்தது, மணியடித்தது. பெயர்கள் வந்தன, தெருக்கள் வந்தன. முகம் வரவில்லை. அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்ப்பாள். பிறகு தொடர்வாள்.

ஒரு மாலை கேட்டாள். "யுன், அவங்களுக்கு என்ன ஆச்சு? உங்க அப்பாவை ஏன் அனுப்பறதில்லை?"

"நான்தான் வேண்டாம்னு சொன்னேன்மா. அதுல எழுதியிருந்தது நல்ல வார்த்தை இல்லை."

"ஃபோங் கோங்," என்றாள் அம்மா.

நான் அவளைப் பார்த்தேன்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து கல்லாவுல நிக்கறேன். சில்லறை கொடுக்கறப்ப எத்தனை தடவை கேட்டிருப்பேன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே?"

அம்மா ஈரக் கையைத் துடைத்தாள். அலமாரியில் இருந்த படத்தைக் காட்டினாள். அனுமதிச் சீட்டுக்காக எடுத்தது. கழுத்துப் பட்டன் போட்டு, கண் விரிந்து, குடியேற்ற அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா.

"இந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியலை," என்றாள். "வீட்டுல இவர் இப்படி ஒரு நாள்கூட உக்காந்ததில்லை. நான் சமைச்சது உப்பா இருந்தா ஒரு கண்ணை மூடிக்கிட்டு உதட்டைக் கோணுவாரே, அந்த ஆளைத்தான் எனக்குத் தெரியும். அவங்க கெட்ட வார்த்தையோடதான் அனுப்பினாங்க. ஆனா அவர்தானே வந்தார்."

"அவர் போன்லயே இருக்கும்மா. எடுத்துக் காட்டறேன்."

"நாமளா எடுத்தா அது வெறும் படம். தானா வந்தாத்தான் அவர்," என்றாள் அம்மா. நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இரண்டு நாள் கழித்து ஊம் ஃபானி கடைக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். அம்மாவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த கொஞ்சம் செசோத்தோ மொழியில், தாயை அழைப்பது போல, "ம்மே, அழிச்சிட்டேன். மூலப் படத்தையும் அழிச்சிட்டேன். மன்னிக்கணும்," என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அவர் ஒரு பல்பு வாங்கினார். அம்மா அதைப் பலகையில் சொருகி எரிய வைத்துக் காட்டி, அணைத்து, தாளில் சுற்றிக் கொடுத்தாள். அவர் போன பிறகும் வெறும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலையும் மின்சாரம் போனது. நான் கடையில் இருந்தேன், அம்மா உள்ளே. திரைச்சீலைக்குப் பின்னால் அலமாரியின் நீல வெளிச்சம் தெரிந்தது. குழுவில் யாரோ புலம்பினார்கள்: "புது இன்வெர்ட்டர், மூணாவது நாளே போச்சு." முன்பு என்றால் இந்நேரம் ஸ்டிக்கர் வந்திருக்கும். எல்லாரும் விரலை அடக்கிக்கொண்டு காத்திருப்பது போல் இருந்தது.

அழிக்காமல் அதை நானும் வைத்திருந்தேன். அப்பாவின் மூடிய கண்ணைப் பார்த்தேன். கீழே, சிவப்பில், நான் பள்ளியில் சுமந்த பெயர்.

அனுப்பினேன்.

உள்ளே மணி அடித்தது. நீல வெளிச்சம் அசைந்தது. பிறகு அம்மாவின் குரல் கேட்டது, தாழ்வாக. "வந்துட்டீங்களா?"

என் கையில் போன் அதிர்ந்தது. ந்தாதே மொகேட்டே எனக்குத் தனியாக எழுதியிருந்தார். "லினேயோ, நீயா? தெரியாம கைபட்டுப் போச்சா? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். அழிக்கட்டுமா?"

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். முட்டைக்கோஸ் விலை, கூரை ஒழுகல், நான் சரியாகச் சாப்பிடாதது. அவர் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விட்டாள்.

ந்தாதே மொகேட்டேயின் கேள்வி என் கையில் எரிந்துகொண்டிருந்தது. நான் பதில் எழுதவில்லை. அவரும் அழிக்கவில்லை.