உச்சிக் குருத்தும் ஒரு கோழியும்

மருமகன் ஜவாத் ஏணியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தபோதே ஹாஜறா அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அவருடைய மறுகையில் பெரிய கத்தரி. பொத்துவில் பக்கம் ஒரு ஹோட்டலில் அவருக்கு வேலை. அங்கே செடிகளையெல்லாம் பந்து பந்தாக வெட்டி வைப்பார்களாம். லீவில் வந்ததிலிருந்து ஹாஜறாவின் மரத்தை அவர் பார்த்த பார்வையே சரியில்லை.

அது நுவரெலியாவில் சாண் உயரத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மரம். விற்றவன் அரோகேரியா என்றான்; கல்முனையில் அவள் தெரு அதைக் கிறிஸ்மஸ் மரம் என்றது. வாடைக்காற்றில் கடலுப்பு ஊசியிலைகளில் படிந்தால் அன்றைக்கே தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவாள். மணலில் ஈரம் நிற்காதென்று அடியில் தேங்காய்மட்டை புதைத்தாள். பெற்ற மகள் ஆதிலாவின் தலையை இத்தனை கவனமாகக் கழுவியிருப்பாளா என்பது சந்தேகம்தான். இப்போது அது அடுக்கடுக்காகக் கிளை விரித்து, கூரைக்கு மேலே எட்டிப் பார்க்கிறது.

இந்த மரத்தின் அழகெல்லாம் உச்சிக் குருத்தில் இருக்கிறது. அதை வெட்டினால் மரம் சாகாது, ஆனால் பிறகு நேராக வளராது. கடைத்தெருவில் ஒருவர் அப்படி வெட்டிப் பார்த்தார். அவருடைய மரம் இன்றைக்கும் காற்றில் மடங்கிய குடை மாதிரி நிற்கிறது.

ஜவாத் கூரை விளிம்பில் ஏணியைச் சாத்தினார்.

'வெட்டாதீங்க' என்று ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்தான் வாயில் வராது. மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது அந்தத் தெருவில் வழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து சோறு சமைப்பது ஹாஜறா, கொண்டுபோய் வைப்பது ஆதிலா. அந்த ஆதிலாவோ பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தால் அறைக்குள்ளேயே மணி கேட்டது; விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். புருசன் முகைதீன்பாவா வயலில். பக்கத்து வீட்டு வளவில் மட்டும் ஆள் இருந்தது. பஸ்னா, காய்ந்துபோன சீலையொன்றை விடாமல் உதறிக்கொண்டு நின்றாள்.

ஜவாத் ஏறத் தொடங்கினார். வாசல் திரைக்குப் பின்னால் நின்ற ஹாஜறாவின் கண்ணில் முற்றத்தில் மேய்ந்த கோழி பட்டது.

"ஏய் கோழி! குருத்தில வாய வெச்சியெண்டா பார்த்துக்க! கண்டதையும் கொத்துற வேலைய உட்டுட்டு எறங்கு!"

கோழி தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஜவாத் இன்னொரு படி ஏறினார்.

"ராத்தா," மதிலுக்கு அப்பாலிருந்து பஸ்னா, "கோழி கீழதானே நிக்கி! எங்கயிரிந்து எறங்கச் சொல்றீங்க?"

"உனக்கு வேற வேலயில்லயா புள்ள!"

ஜவாத் இடது கையால் குருத்தைப் பிடித்து வளைத்தார். கத்தரி வாயைத் திறந்தது. ஹாஜறா திரையை விலக்கிக்கொண்டு முற்றத்துக்கே ஓடிவந்துவிட்டாள்.

"மருமகன்! கத்தரிய எடுங்க! வெட்டிப் போடாதீங்க!"

பஸ்னாவின் சீலை உதறலும் நின்றது. ஜவாத் அப்படியே உறைந்துபோனார். கத்தரியின் வாய்க்குள் குருத்து அகப்பட்டிருந்தது.

"மாமி..." அவர் கூரையைப் பார்த்துச் சொன்னார். "ஆதிலாதான் வெட்டச் சொன்ன. கரண்ட் வயர்ல முட்டப் போகுதாம்."

ஹாஜறாவுக்குச் சுருக்கென்றது. இந்த வீடும் வளவும் கல்யாணத்தோடு ஆதிலாவுக்கு எழுதியாயிற்று. பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதுதான் ஊர் முறை. உறுதிப் பத்திரத்தில் சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டவளும் அவளேதான். இப்போது அவளுக்கு இருப்பது பின்னறை ஒன்று. மரமும் வீட்டோடு போய்விட்டது என்பது இதுவரை அவளுக்கு உறைக்கவே இல்லை.

பேசாமல் திரைக்குள் போயிருக்கலாம். ஆனால் திறந்த வாய் மூடவில்லை.

"நான் எழுதிக் குடுத்தது வீட்ட. மரத்த எழுதிக் குடுக்கல்ல மருமகன்."

ஜவாத் மேலே வயரைப் பார்த்தார். குருத்தைப் பார்த்தார். மாமியைப் பார்க்க மட்டும் அவருக்குத் துணிவில்லை. கத்தரி மெல்ல விலகியது. இரண்டு ஊசியிலைகள் மட்டும் அறுந்து விழுந்தன.

"வயர உசத்திக் கட்டலாம் மாமி. ஆதிலாக்கு நான் சொல்றன்."

ஹாஜறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கோழி, டீ வேணுமாண்டு கேளு."

ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஜவாத் முற்றத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஓமெண்டு சொல்லு கோழி. சீனி கொறச்சி."

இதைக் கேட்க பஸ்னா அங்கே இல்லை. சீலையை மதிலில் போட்டது போட்டபடியே, ஆதிலா பள்ளிக்கூடம் விட்டு வரும் சந்திக்கு அவள் எப்போதோ போய்விட்டிருந்தாள்.