டிரம்முக்கு மூன்று கோடு

எழுபத்தெட்டாம் வருஷம், மூன்றே மாதத்தில் இரண்டாவது முறையாக லாரியின் பிரேக் லைனர் கருகியது. மல்லசமுத்திரம் செங்கோட்டையன் தன் டிரைவரைக் கூப்பிட்டார்.

"சென்றாயா, உங் காலு பிரேக்கு மேலயே குடியிருக்குது சாமி. இன்னொருக்கா கருகுச்சுன்னா வேற ஆளுதான்."

ஏற்காட்டு மலையிலிருந்து பாக்சைட் கல் இறக்குகிற லாரி அது. பதினோரு வருஷமாக அந்த வளைவுகளில் ஏறி இறங்கிய காலைக் குறை சொன்னதும் சென்றாயனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"சக்கரத்துப் பிரேக் டிரம்மு எத்தன சூடாவுதுன்னு அளந்து பாத்துருவமுங்க. எந் தப்புன்னா நானே எறங்கிப் போயர்றன்."

சேலத்தில் லைனர் கடை வைத்திருந்த தீர்த்தகிரி அளவுக் கருவிகளோடு வந்தார். முதலில் ஒரு நீளமான கண்ணாடி வெப்பமானியை எடுத்தார்.

"காச்சலுக்கு வெக்கறதாட்ட இருக்குது," என்றார் செங்கோட்டையன். "டிரம்முக்கு அக்குளு எங்கப்பா இருக்குது?"

"எண்ணெய்ல முக்குனா நல்லாக் காட்டுமுங்க. இரும்பு மேல சாச்சு வெச்சா பாதி காத்தத்தான் அளக்கும்," என்று ஒப்புக்கொண்ட தீர்த்தகிரி, நுனியில் ஒட்டிய இரண்டு கம்பிகளையும், அவற்றோடு முள் ஆடும் ஒரு பெட்டியையும் எடுத்தார். "இது தெர்மோகப்பிள். இரும்புல பதிச்சுட்டா ஆயிரம் டிகிரியானாலும் சொல்லும்."

"டிரம்மு சுத்துமுங்களே," என்றான் சென்றாயன். "மொத வளைவுலயே பொட்டியும் கூடச் சேர்ந்து ராட்டினம் ஆடும்."

"அங்கங்க நிறுத்தி வெச்சுப் பாக்கறது."

"நிறுத்தறதுக்கும் பிரேக்கத்தானுங்க மிதிக்கோணும்."

கடைசியில் மூன்று சாக்பீஸ்கள் வெளியே வந்தன. "நூத்தம்பது, எரநூத்தம்பது, முந்நூத்தம்பது டிகிரி. கோடு போட்டு உட்டா, அந்தந்தச் சூட்டுக்கு அந்தந்தக் கோடு உருகி மினுமினுன்னு ஆயிரும். ஆறுனாலும் பழையபடி ஆவாது."

செங்கோட்டையனுக்கு இது பிடித்துவிட்டது. "நாம் பக்கத்துல உக்காந்தா இவன் புது மாப்பிள்ளையாட்ட ஓட்டுவான். கோடு பாத்துக்கும்," என்று, போட்டு முடித்ததும் சாக்பீஸ்களைத் தன் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்தினார்.

அவர் மனைவி சௌந்திரம் குங்குமச் சிமிழோடு வந்தாள். "நாலு டிரம்முக்கும் மூணு பட்டை போட்டுட்டு, பொட்டு வெக்காம அனுப்பறீங்களே."

"கோட்டு மேல மட்டும் வெச்சுராதீங்கம்மா," என்று தீர்த்தகிரி குறுக்கே ஓடினார்.

சாயங்காலம் லாரி திரும்பி வந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். மூன்று டிரம்களில் முதல் கோடு மட்டும்தான் உருகியிருந்தது. பின்பக்கத்து இடது டிரம்மிலோ மூன்றுமே உருகிப் பளபளத்தன.

"பாத்தியா," என்றார் செங்கோட்டையன்.

"நல்லாப் பாருங்க. நாலு சக்கரத்துக்கும் ஒரே காலுதானுங்க மிதிக்குது," என்றான் சென்றாயன். "எங் காலு தப்புன்னா நாலுமில்ல உருகோணும்."

தீர்த்தகிரி அந்தச் சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் சுழற்றினார். அது நகரவே அடம்பிடித்தது. "லைனரு டிரம்ம உடாம ஒரசிக்கிட்டே வருதுங்க. கண்ணுமண்ணு தெரியாம இறுக்கியிருக்குது. இது ஆரு வேலை?"

செங்கோட்டையன் வானத்தைப் பார்த்தார்.

"பிரேக்க இறுக்க மெக்கானிக்கு எதுக்குன்னு இவருதான் ஸ்பேனரோட லாரிக்கடியில பூந்தாரு," என்றாள் சௌந்திரம். "ரெண்டு வாட்டியும் வேட்டி தொவைச்சவ நானு."

"ஒரு திருப்புத்தான் திருப்புனேன்."

"எத்தன திருப்புங்க?" என்றார் தீர்த்தகிரி.

"எண்ணுலப்பா."

சென்றாயன் சிரிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினான். "அந்த ஸ்பேனர எங்கிட்டக் குடுத்துருங்க மொதலாளி. நாளைக்கு லோடு எத்தன மணிக்குங்க?"